திருப்பிக் குடுக்கிற காசு

என்ட வாய் பொல்லாத வாய். அத நானே முதல்ல சொல்லிப்போடுறன், மறுகா ஆரும் புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரிச் சொல்லத் தேவையில்ல. கல்லடியில மங்கையற்கரசி வீடு எதெண்டு கேட்டா, "ஆரு, அந்த வாய்க்காரியா?" எண்டு கேட்டுட்டுத்தான் கையக் காட்டுவாங்க. எனக்கு அதில வெக்கம் இல்ல. அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது கீழ்வீடு மட்டுந்தான். மேல் மாடி நான் கட்டினது. மேசனோடயும் மரவேலை செய்யிற ஓடாவியோடயும் கத்திக் கத்திக் கட்டினது. எங்கட மனிசன் உதயரூபன் அவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்ததோட சரி.

அந்தக் கட்டடத்தில கீழ, ரோட்டுப் பக்கமா ஒரு கடை அறை இருக்கு. அதத்தான் மண்டூர்ப் புள்ள யசோதினி ரெண்டு வருசம் வாடகைக்கு வச்சிருந்தாள். போட்டோக்கொப்பி அடிக்கிறது, லெமினேற் பண்ணுறது, ஆக்களுக்கு ஒன்லைன் போர்ம் நிரப்பிக் குடுக்கிறது, இதுதான் அவட தொழில். முப்பத்தெட்டு வயசு இருக்கும். மகள் தனுஷியா பத்தாம் வகுப்பு. புருசன் ஜெயந்தன் வயல் வேலைக்காரன், ஊரிலயே நிண்டான்.

அவள் கடை கேட்டு வந்த நேரம் எனக்கு மேல் மாடிக் கூரைக்குக் காசு போதாம இருந்தது. அதால வாடகையக் குறைச்சு அட்வான்ஸக் கூட்டிக் கேட்டன். ஒம்பது லெச்சம். ரெண்டு வருசம் முடிய, கடைய விட்டுப் போற அண்டைக்கு முழுசாத் திருப்பித் தாறதெண்டு எக்ரிமெண்ட் எழுதினம். பாவம், அவள் பேரம் பேசவும் தெரியாம ஓம் எண்டுட்டாள். அந்தக் காசுக்கு அவள் மண்டூரில தாய்வழி வந்த ரெண்டு ஏக்கர் வயலை ஒரு மனிசனுக்குத் தவணை உறுதி எழுதிக் குடுத்திருந்தாள். தவணைக்குள்ள முழுக்காசும் குடுத்தாக் காணி திரும்பும், குறைஞ்சா அது அந்த மனிசனுக்கே அறுதியாச் சொந்தம். மகளுக்கு எண்டு வச்சிருந்த காணி அது. இதெல்லாம் அவள் எனக்கு ஒளிக்கல்ல. நான்தான் காதில போட்டுக்கொள்ளல்ல.

அடுத்த வருசம் எனக்கு வரிப் பைல் ஒண்டு திறக்க வேண்டி வந்திட்டு. மேல் மாடிய ஒபிசுக்கு விட்ட வாடகை, கீழ்க்கடை வாடகை, வவுணதீவில நாலு ஏக்கர் வயல் குத்தகை எல்லாம் சேர்த்தா வரிக்கு ஆளாகிட்டன். யசோதினிக்கு விசயம் தெரிஞ்சு, தாங்க மாமி, நான் நிரப்பித் தாறன் எண்டு கேட்டாள். தினமும் பத்துப் பேருக்கு நிரப்புறவள்தானே. எனக்குப் பிடிக்கல்ல. குடியிருக்கிறவளுக்கு என்ட வரும்படி என்னத்துக்குத் தெரிய வேணும்? உன்ட வேலையப் பார் புள்ள எண்டுட்டு, காத்தான்குடி இல்ஹாம் தம்பியிட்டப் போனன். கணக்கு எழுதுறதில கெட்டிக்காரர், அளந்துதான் கதைப்பார்.

அவர் ஒவ்வொண்டாக் கேட்டு எழுதினார். அட்வான்ஸ் ஒம்பது லெச்சம் எண்ட உடன பேனையை நிப்பாட்டி, "அக்கா, இது திருப்பிக் குடுக்கிற காசா?" எண்டு கேட்டார்.

எனக்கு உடன கோவம் ஏறிட்டு. நாங்க வயற்காரர். எங்கட குடும்பத்தில போகம் துவங்க முதல் குத்தகைக் காசு கைக்கு வந்திடும். வந்தா வந்ததுதான். வெள்ளம் அடிச்சாலும் யானை மிதிச்சாலும் ஒரு சதம் திருப்பிக் குடுக்கிற வழக்கம் இல்ல. கைநீட்டி வாங்கின காசு வருமானம், அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச சட்டம். இவர் கேட்டது எனக்கு, அரசாங்கத்துக்கு ஒளிக்கப் போறியா எண்டு கேட்ட மாதிரி இருந்தது.

"தம்பி, நான் வாங்கின காசு. வயல் குத்தகை எப்பிடி எழுதினீங்களோ அப்பிடியே இதையும் வாடகையோட சேர்த்து எழுதுங்க. அரசாங்கத்திட ஒரு சதம் எனக்கு வேணாம்," எண்டன்.

அவர் இன்னொருக்கா எக்ரிமெண்டக் கேட்டார். வீட்டில கிடக்கு எண்டன். மூண்டாந்தரம் ஆரும் என்னட்டக் கேக்க மாட்டாங்க. எழுதிட்டார்.

அந்த ஒம்பது லெச்சத்தால மட்டும் வரி அறுபத்து மூவாயிரம் கூட வந்தது. கட்டினன். கட்டிட்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சன், நான் ஒரு சதம் ஒளிக்காம வரி கட்டுறவள் எண்டு. எனக்கு அதில எவ்வளவு பெருமை எண்டா, றிசீற்ற லெமினேற் பண்ண யசோதினியிட்டயே குடுத்தன். அவள் அதை மேலோட்டமாப் பார்த்திட்டு லெமினேற் பண்ணித் தந்தாள். காசும் வாங்கல்ல.

எக்ரிமெண்ட் முடியிற மாசம் அவள் என்னட்ட வந்தாள். கடைய விடப் போறன், ஊரோட போறன், ஓகஸ்ற் முப்பத்தொண்டு வயல் தவணை, அதுக்கு முதல் காசு வேணும் எண்டாள். இருபத்தஞ்சாந் திகதி தாறன் எண்டன். புதுசா வாற ஆக்கள் அட்வான்ஸ் தந்தாத்தான் எனக்கு அவட காசு குடுக்க ஏலும். அவங்க இழுத்து இழுத்து முப்பத்தொண்டாந் திகதி மத்தியானந்தான் கொண்டு வந்தாங்க. யசோதினி சாமானெல்லாம் லொறியில ஏத்தி அனுப்பிட்டு, வெறுங்கடையில வாசல்ல நிண்டாள்.

நான் காசை எண்ணிக் குடுத்தன். எட்டு லெச்சத்து முப்பத்தேழாயிரம்.

அவள் எண்ணிப் பார்த்திட்டு, குறையுது மாமி எண்டாள். நான் லெமினேற் பண்ணின அந்த றிசீற்ற எடுத்துக் காட்டினன். உன்ட காசு என்னட்டக் கிடந்ததால எனக்கு வந்த வரி இது, உன்ட காசுக்கு வந்த வரிய நீதானே கட்ட வேணும், நானா கட்டுறது எண்டு கேட்டன். இப்ப யோசிச்சா என்ட முகத்தில நானே காறித் துப்ப வேணும் போல இருக்கு. அண்டைக்கு அது எனக்குச் சரியான நியாயமாத்தான் பட்டது.

"மாமி, அந்தக் காசுக்கு வரி..." எண்டு துவங்கினாள்.

"நீ எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியா?" எண்டன்.

சட்டக் கதைய விட்டுட்டாள். மறுகா மெதுவாச் சொன்னாள், இண்டைக்குத் தவணை முடியுது, முழுசா இல்லாட்டி அந்த மனிசன் வாங்க மாட்டார், உங்கட கணக்க நாளைக்கு வந்து பார்ப்பம், இண்டைக்கு முழுசாத் தாங்க எண்டு. எனக்குள்ள ஒரு பேய் இருக்கு. ஆரும் கெஞ்சினா அது இன்னும் இறுகும். அறுபத்து மூவாயிரத்துக்கு ஆராவது ரெண்டு ஏக்கர் வயலைப் பறிப்பானா, சும்மா கதை விடாத எண்டன். அவள் மணிக்கூட்டப் பார்த்தாள். குருமண்வெளியில போய், பாதை எண்டு சொல்ற மிதவையில ஏறி வாவியைக் கடந்தாத்தான் மண்டூர். இருண்டாப் பாதையும் ஓடாது. காசைப் பையில வச்சிட்டு, வாறன் மாமி எண்டுட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பொழுதுபடுற நேரம் போன் அடிச்சது. என்டது பட்டன் போன், ஆரெண்டு பேர் மட்டும் காட்டும். யசோதினி. எங்கட மனிசன், அந்தப் புள்ளதான், எடு எண்டார். கெஞ்சத்தான் எடுக்கிறாள், விடுங்க எண்டன். அரை மணித்தியாலத்தால ரெண்டாந்தரம் அடிச்சது. மூண்டாந்தரம் அடிக்கக்குள்ள அவர் கையை நீட்டினார். முப்பது வருசத்தில அவர் எனக்கு எதிரா நீட்டின முதல் கை அது. நான் போனை எடுத்துக் கவுட்டு வச்சிட்டன். அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சது. அதுக்குப் பிறகு அடிக்கல்ல.

காணியத் திருப்பியிருப்பாள் எண்டுதான் நினைச்சன். நினைச்சன் எண்டு சொல்றதும் பொய். அந்தப் பக்கம் நான் நினைக்கவே இல்ல.

நவம்பர் பிறந்த உடன இந்த வருசத்து வரிப் போர்ம் நிரப்ப இல்ஹாம் தம்பியிட்டப் போனன். புதுசா வந்த ஆக்களிட எக்ரிமெண்டக் குடுத்தன். கூடவே பழைய எக்ரிமெண்டும் அதே பைலுக்குள்ள கிடந்தது. அவர் ரெண்டையும் வாசிச்சுப் போட்டு கண்ணாடியக் கழட்டினார். அக்கா, இதைத்தானே நான் போன வருசம் கேட்டனான் எண்டார்.

சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரிச் சொன்னார். திருப்பிக் குடுக்க வேணும் எண்டு எழுதி வாங்கின அட்வான்ஸ் வீட்டுக்காரிட வருமானம் இல்ல. அது அடுத்தவங்கட காசு, உங்கட கையில நிக்குது, அவ்வளவுதான். அதுக்கு வரி இல்ல. வாடகைப் பாக்கிக்கோ உடைஞ்ச சாமானுக்கோ எண்டு அதில எதையாவது நீங்க பிடிச்சு வச்சா, பிடிச்ச அளவு மட்டும் அந்த வருசம் உங்கட வருமானமாகும். நீங்க கட்டத் தேவையில்லாத வரியக் கட்டியிருக்கிறீங்க. திருத்திக் குடுப்பம், காசு திரும்பும், இல்லாட்டி வாற வரியில கழியும். அந்தப் புள்ளயிட்ட முழுக்காசும் கிடைச்சதெண்டு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க எண்டார்.

அறுபத்து மூவாயிரம் பிடிச்சனான் தம்பி எண்டன்.

"என்னத்துக்கு அக்கா?"

"அந்த வரிக்கு."

அவர் எக்ரிமெண்ட மடிச்சு என்ட பக்கம் தள்ளினார். மறுகா சொன்னார், "அப்ப அக்கா, அந்தக் காசில நீங்க உண்மையா உழைச்சது அந்த அறுபத்து மூவாயிரந்தான்."

அவர் குத்திக் கதைக்கிற ஆள் இல்ல. கணக்கத்தான் சொன்னார். கடிதத்தைத் தானே ரைப் பண்ணித் தந்தார். முதல்ல அந்தக் காசைக் குடுத்திட்டுக் கையெழுத்து வாங்குங்க எண்டார்.

அடுத்த நாள் வெள்ளண வெளிக்கிட்டன். மனிசன் தானும் வாறன் எண்டார், வேணாம் எண்டன். குருமண்வெளியில இறங்கிப் பாதையில ஏறி நிக்கக்குள்ள, அண்டைக்கு அவள் இதே இடத்தில அந்தக் குறைஞ்ச காசோட நிண்டிருப்பாள் எண்டு யோசினை வந்தது. நல்லாத்தான் முடிஞ்சிருக்கும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்.

அவட வீட்டு விறாந்தையில போட்டோக்கொப்பி மெஷின் பொலித்தீனால மூடிக் கிடந்தது. யசோதினி ஒரு மேசையில லெப்டொப்ப வச்சு ஒரு கிழவருக்கு ஏதோ நிரப்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழும்பினாள். வாங்க மாமி எண்டு கதிரை போட்டாள், தேத்தண்ணி போட்டாள். அவள் மூஞ்சையத் திருப்பியிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

ஜெயந்தன் எங்க எண்டு கேட்டன். வயலில எண்டாள்.

எனக்கு உசிர் வந்த மாதிரி இருந்தது. "உங்கட வயலிலயா?"

"அந்த வயலிலதான் மாமி. நாட்கூலிக்கு."

நான் தேத்தண்ணிக் கோப்பையக் கீழ வச்சிட்டன். அவள் இருந்த இடத்திலயே இருந்துகொண்டு சொன்னாள். குறைஞ்ச காசை அந்த மனிசன் எண்ணிக்கூடப் பார்க்கல்லையாம். நாளைக்குக் கொண்டு வாறம் எண்டு ஜெயந்தன் காலில விழாத குறையாக் கேட்டானாம். காதில கழுத்தில கழட்ட அவளிட்ட ஒண்டும் இல்ல, எல்லாம் கடை துவங்கக்குள்ளயே போனது. அக்கம்பக்கத்தில கேட்டு இருபதாயிரம் சேர்ந்ததாம். இரவு ஒம்பது மணிக்கு அந்த மனிசன் கேற்றப் பூட்டிட்டுப் படுத்திட்டாராம். காணி அறுதியாப் போச்சு. நாங்க கொண்டு போன காசில ஒரு சதமும் தனக்கு வேணாம், வயல் போதும் எண்டுட்டாராம். பிறகென்ன, அந்த வயலை எங்கள விட நல்லாத் தெரிஞ்ச ஆள் ஆர், அதால இவரையே வேலைக்குக் கூப்பிட்டார் எண்டாள்.

நான் காசை எடுத்து மேசையில வச்சன். அறுபத்து மூவாயிரம். அந்த மனிசனிட்ட நானே போய்க் கதைக்கிறன், கூட என்ன கேட்டாலும் நான் தாறன், வயலைத் திருப்புவம் எண்டன். அவள் ஏலாதெண்டு தலையாட்டினாள். காணிய அவர் தன்ட மகளுக்குச் சீதனமா எழுதிட்டாராம், தையில கலியாணமாம். பொம்புளப் புள்ளைக்கு எழுதின காணிய ஆர் மாமி திருப்பித் தருவாங்க எண்டாள். நான் இருக்கிற வீடும் அப்பிடி எழுதி வந்த வீடுதானே.

கடிதத்தை நீட்ட எனக்குக் கை வரல்ல. அவளே கண்டு எடுத்து வாசிச்சாள். தொழில்காரி, ஒரு எழுத்து விடாம வாசிச்சாள். இதில முழுக்காசும் ஓகஸ்ற் முப்பத்தொண்டு கிடைச்சதெண்டு கிடக்கு, அண்டைக்கு முழுசா வரல்லையே மாமி எண்டாள். அந்த வசனத்த வெட்டி, அண்டைக்கு எட்டு லெச்சத்து முப்பத்தேழாயிரம், இண்டைக்கு அறுபத்து மூவாயிரம் எண்டு ரெண்டு வரியா எழுதி, பக்கத்தில சின்னக் கையெழுத்தும் வச்சாள். இப்பிடி இருந்தாலும் உங்களுக்குப் பிரச்சினை வராது, காசு திரும்பி வரும் எண்டாள். மறுகா அந்தக் காசை எண்ணி மேசை லாச்சிக்குள்ள வச்சாள்.

எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு. "உனக்கு இது வரி இல்லாத காசெண்டு அண்டைக்கே தெரியுமா புள்ள?" எண்டு கேட்டன்.

"தெரியும் மாமி. ஒருக்கா சரி பார்ப்பம் எண்டு பஸ்ஸில இருந்து போனிலயும் பார்த்தன்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?"

அவள் என்னை நிமிந்து பார்த்தாள். அவட பார்வையில கோவம் இருக்கல்ல, அதுதான் இண்டைக்கும் என்னைக் கொல்லுது.

"சொல்லத்தானே மாமி மூண்டு தரம் எடுத்தன். உங்கட காசு உங்களுக்குத் திரும்பி வரும், எழுதுற வேலைய நானே செய்து தாறன், மாமாவை விட்டு இந்த அறுபத்து மூவாயிரத்தையும் பேங்க் மெஷினில அந்த வயல் மனிசன்ட கணக்குக்குப் போடச் சொல்லுங்க எண்டு சொல்லத்தான் எடுத்தன்."

கெஞ்ச எடுக்கல்ல. ரெண்டு பேருக்கும் நட்டமில்லாத ஒரு வழி சொல்ல எடுத்திருக்கிறாள். பேங்க் மெஷின் எங்கட சந்தியிலதான் இருக்கு. எங்கட மனிசன் சைக்கிளில போனா அஞ்சு நிமிசம். நான் ஒரு தரம் அந்தப் பட்டனை அமத்தியிருந்தாக் காணும்.

பாதையடி வரைக்கும் அவள் கூட வந்தாள். வழியில ரெண்டு பக்கமும் விதைப்பு முளைச்சுப் பச்சையாக் கிடந்தது. எது உன்ட வயல் எண்டு கேக்க எனக்குத் துணிவு வரல்ல, அவளும் காட்டல்ல. பாதையில ஏறக்குள்ள, இனி ஆரிட்டயும் அட்வான்ஸ் வாங்கினா அதை வருமானத்தில போட்டுடாதீங்க மாமி எண்டு சொல்லி அனுப்பினாள். மன்னிச்சுக்கொள்ளு புள்ள எண்டு சொல்ல வாயெடுத்தன். ஊருக்கே வாய்க்காரி நான், அந்த ரெண்டு சொல்லு எனக்கு வரல்ல. பாதை விலகிப் போகக்குள்ள கையை மட்டும் காட்டினன்.

இல்ஹாம் தம்பி திருத்திக் குடுத்திட்டார். கூடக் கட்டின வரி அப்பிடியே என்ட பேரில நிக்குதாம், வாற வரியில கழியுமாம். அவளுக்கும் அவட ஒம்பது லெச்சம் முழுசாப் போய்ச் சேர்ந்திட்டு. அக்கா, இப்ப கணக்கில ஆருக்கும் ஒரு சதம் நட்டமில்ல எண்டு சந்தோசமாச் சொன்னார். ஓம் தம்பி எண்டுட்டு வந்தன். அந்த லெமினேற் பண்ணின றிசீற்றக் கிழிச்செறிய வேணும் எண்டு எடுத்தன். அது கிழியாது.

இப்ப எனக்குப் போன் அடிச்சா முதல் மணியிலயே எடுக்கிறன். ஆரெண்டு பேர்கூடப் பார்க்கிறதில்ல. பொழுதுபடுற நேரம் சில நாளைக்கு நானே யசோதினிக்கு எடுக்கிறன். அந்த ரெண்டு சொல்லைச் சொல்லத்தான். ஒரு தரம் எடுத்து, ரெண்டாந்தரம் எடுத்து, மூண்டாந்தரம் மணி அடிச்சு ஓயுமட்டும் காதில வச்சுக்கொண்டு இருக்கிறன்.

அவள் எடுக்கிறதில்ல.